எஞ்சினுக்கு ஊற்றிய மழைத்தண்ணீர்

இஞ்சாருங்கோ, என்ர ராசா,

பக்கத்து வீட்டு மெரினாவுக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது! ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது யார் தெரியுமா? நான்தான், உங்கள் வான் வண்டியில், நானே ஓட்டிக்கொண்டு! இதை உங்களுக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

புருசன் கண்ணை மூடிய பிறகு பொம்பிளைக்கு என்ன வான் என்று, விற்கச்சொல்லி எல்லோரும் என்னைப் பிய்த்தெடுத்தார்கள். நான் அசையவில்லை. தலைமன்னாரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். இன்று உச்சி வெய்யிலில் பக்கத்து வீட்டு றோசம்மாக்கா வேலிக்கு மேலால் கத்தினா. "தங்கச்சி, மகளுக்கு வயித்துக்குத்துத் தொடங்கிட்டுது! மருமோன் கடலில. அம்புலன்ஸ் வரச் சுணங்குமாம். கெதியா வானை எடு!"

எடுத்தேன். மன்னாருக்குப் பாதி வழிகூடப் போகவில்லை, சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறத் தொடங்கிவிட்டது. பின்சீற்றில் மெரினா மாதாவைக் கூப்பிட்டு அலறுகிறாள். எஞ்சின் இறுகி நின்றால் அவள் அந்தத் தார் ரோட்டில்தான் பிள்ளை பெறவேண்டும்.

பிழை என்னுடையதுதான், ஒளிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் உவர், ரேடியேற்றருக்குள் உப்புப் படியும் என்று எத்தனை தரம் சொன்னீர்கள்! மாரியில் கூரைப் பீலியால் வழியும் மழைத்தண்ணீரைப் பிளாஸ்டிக் கான்களில் பிடித்து, 'வாகனத்துக்கு மட்டும்' என்று பெயின்றால் எழுதி வைப்பீர்கள். "மனுசருக்கே குடிக்க நல்ல தண்ணி இல்லை, உங்கட வானுக்குக் கேக்குதோ?" என்று நான் சண்டை பிடிப்பேன். நீங்கள் போன பிறகு அதில் ஒரு கான் மிஞ்சியது. நீங்கள் கையால் பிடித்த தண்ணீர், எப்படித் திறப்பேன்? அதைச் சீற்றுக்குப் பின்னால் பத்திரமாக வைத்துக்கொண்டு, வானுக்குக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றிவந்தேன். விசரிதானே நான்? இப்போது அதை ஊற்றவும் வழியில்லை, கொதிக்கிற எஞ்சின் ஆறாமல் மூடியைத் திறக்கமுடியாது.

அப்போதுதான் நீங்கள் ஒருமுறை மடு ரோட்டில் செய்த கூத்து ஞாபகம் வந்தது. யன்னல்களைத் திறந்தேன். ஹீற்றரை முழுதாகத் திருகிவிட்டேன். எஞ்சினின் சூடெல்லாம் எங்கள் முகத்தில் வந்து அடித்தது.

"உனக்கென்ன விசரே? இந்த வெய்யிலுக்க நெருப்புக்காத்து விடுறாய்!" றோசம்மாக்கா துள்ளினா.

"நாங்கள் வெந்தால்தான் அக்கா எஞ்சின் ஆறும். பொறுங்கோ!"

"அம்மா, நீங்கள் வாயை மூடுங்கோ! அக்கா, என்னவெண்டாலும் செய்யுங்கோ, நிப்பாட்டாதேங்கோ!" என்றாள் மெரினா.

அடித்து மிதிக்காமல் ஒரே வேகத்தில் ஓடினேன். முள் நின்றது. பிறகு இறங்கியது, ராசா, என் கண்ணுக்கு முன்னாலேயே இறங்கியது! நான் போட்ட கூச்சலில் றோசம்மாக்கா பயந்தே போனா. மூன்று பேரும் வியர்வையில் தொப்பலாக நனைந்து ஆசுப்பத்திரி வாசலில் இறங்க, "எங்க மழை பெய்யுது?" என்று கேட்டா தாதி.

மெரினாவை உள்ளே விட்டுவிட்டு வேப்பமர நிழலில் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தேன். துணியைப் போட்டு ரேடியேற்றர் மூடியைத் திறந்தால், வாயெல்லாம் வெள்ளை உப்பு. தண்ணீர் பாதிதான் இருந்தது. உங்கள் கானைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊற்றவும் மனமில்லை, வைக்கவும் மனமில்லை. அந்நேரம் றோசம்மாக்கா ஓடி வந்தா. "பொம்பிளைப் பிள்ளை! ரெண்டு பேரும் சுகம்!"

நான் எழும்பி ஊற்றினேன். அழுது அழுது, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினேன். இதைவிட நல்ல நாள் அந்தத் தண்ணீருக்கு எங்கே கிடைக்கும்?

நாளைக்கே ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவக் கொடுப்பேன். மாரி வந்ததும் பீலிக்குக் கீழே முதலில் நிற்பது உங்கள் கான்தான். உங்கள் எழுத்து அதில் அப்படியே இருக்கிறது. இனி அது வாகனத்துக்கு மட்டும்தான், சத்தியம்.

இன்னும் உங்களோடு சண்டை பிடிக்கிற,
உங்கட மனுசி