சார்ஜர் முனைக்கு வைத்த சந்தனம்

தூத்துக்குடி

பிரியமுள்ள ஷீலாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் இங்கே சுகம். நீயும் பெனிஷாவும் மருமகனும் பேரனும் அங்கே சிட்னியில் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். இன்னும் ஆறு மாதம் மகளோடு இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் டிப்போ கதையைக் கேள்.

டீசல் பங்க்கை மூடியாயிற்று. அந்த இடத்தில் இப்போது டிரான்ஸ்பார்மரும் சார்ஜர்களும் நிற்கின்றன. உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடுமே என்று கான்ட்ராக்டரைக் கூரையும் தடுப்பும் போட வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. மின்சார பஸ்களும் வந்து சேர்ந்தன. ஆயுத பூஜைக்கு மறுநாள் முதல் ஓட்டம் என்று, டிப்போ மேனேஜர் என்கிற தைரியத்தில் மேலிடத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். பூஜையில் நானும் கைகட்டி நின்று பொரிகடலை தின்றேன். முறைக்காதே.

விடிந்து பார்த்தால் ஒரு பஸ்ஸும் சார்ஜ் ஏறவில்லை! புனேயிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் மத்தியானம் வரை லேப்டாப்பைத் தட்டினார். சாப்ட்வேர் கோளாறாம். பொறுக்கமாட்டாமல் சார்ஜர் முனையைத் தூக்கிப் பார்த்தேன். ஓட்டைக்கு ஓட்டை சந்தனம், அதற்கு மேலே குங்குமம்! டிரைவர் அருணாசலவடிவு தலையைச் சொறிந்துகொண்டு, “டீசல் குழாய்க்கு வருசா வருசம் வைக்கதுதான சார்? புதுசா வந்ததுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?” என்றார். இன்ஜினியருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. கரண்டை நிறுத்தி, சுத்தம் பண்ணி மாட்டினோம். பச்சை விளக்கு எரிந்தபோது நான் போட்ட ‘ஸ்தோத்திரம்’ ரோட்டுக்கே கேட்டிருக்கும்.

சாயங்காலம் நம் பக்கத்துப் புதுக்கோட்டைக்கு முதல் பஸ். அருணாசலவடிவு ஓட்ட, நானும் ஏறிக்கொண்டேன். துளிச் சத்தமில்லை. ஸ்டாப்பில் மீன்கூடையோடு முதுகு காட்டி நின்ற ஆக்னஸ் அக்கா பதறிப்போய், “ஏலே, பூனை மாதிரி பின்னால வந்து நிக்கியே! ஒரு ஆரன் அடிச்சா என்ன?” என்று வைதாள். ஏறி உட்கார்ந்ததும், “நல்லாத்தாம்லே இருக்கு” என்றாள். மேலிடத்தில் கிடைத்த பாராட்டைவிட எனக்கு இதுதான் பெரிது.

நம் வீட்டுக்கும் இப்போது டிப்போ சத்தம் வருவதில்லை. முன்பெல்லாம் விடியுமுன்னே டீசல் வண்டிகள் உறுமும். அதற்கு மேலே கத்தித்தான், ‘காப்பி ஆறுகிறது’ என்று நீ என்னைக் கூப்பிடுவாய். கல்யாணமான நாள்முதல் அந்தச் சத்தத்தைத் திட்டித் தீர்த்தாய். இனி நீ அடுப்படியில் மெதுவாகச் சொன்னாலே எனக்கு வாசலில் கேட்கும். சொல்லத்தான் ஆளில்லை.

இருந்துவிட்டே வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பெனிஷாவுக்கு ஒத்தாசை வேண்டும், பேரனை விட்டுவர உனக்கும் மனசு வராது, எல்லாம் தெரியும். ஆனாலும் அப்படி எழுத வரவில்லை, ஷீலா. எனக்கு உன்னைத் தேடுகிறது.

பேரன் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு. கர்த்தர் அவனைக் கண்மணிபோலக் காப்பாராக. ஆறு மாதம் வேண்டாம், அவன் ஞானஸ்நானம் முடிந்ததும் நீ வந்துவிடு.

உன்,
எபனேசர்