உங்களைக் கூப்பிடலாமா என்று என்னிடம் கேட்டார்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அண்ணி எப்படி இருக்கிறார்? அங்கே குளிர் அதிகமாமே, உங்கள் மூட்டு வலி தேவலையா?

நம் ஃபுட்பால் கிளப் செய்தி எனக்கு முன்னாலேயே உங்களுக்கு வந்துவிடும், தெரியும். இருந்தாலும் சொல்வது என் கடமை. ஒன்பது ஆட்டத்தில் ஏழு தோல்வி. பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம். இன்னும் இரண்டு தோற்றால் கீழ்ப் பிரிவுதான். போன வாரம் கமிட்டி கூடியது. உங்களைத் திரும்பக் கூப்பிடலாமா என்பது ஒன்றே பேச்சு. ஐந்து பேர் கூப்பிடலாம் என்றார்கள், ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பத்து வருஷம் அவருக்கு உதவியாளரா இருந்தவன், இப்ப அவர் இடத்துல கோச்சா இருக்கிறவன், நீயே சொல்லிடுப்பா என்றார். ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

மறைக்கமாட்டேன் அண்ணா, எனக்கு வயிற்றெரிச்சல். ஜெயித்தால் அவர் வளர்த்த டீம் என்பார்கள், தோற்றால் அவர் இருந்திருந்தா என்பார்கள். மூன்று வருடமாக இதைத்தான் கேட்கிறேன். கேலரியில் பாடுகிற பாட்டும் உங்கள் பேரில்தான். வீட்டில் இவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வந்தா நல்லாத்தான் இருக்கும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்றே எழுதிக் கொடுக்க முடிவு பண்ணினேன். காரணமும் தயார்: உங்கள் வயது, மூட்டு வலி. கேட்கிறவர்களுக்கு அக்கறை மாதிரியே இருக்கும்.

சனிக்கிழமை ஆட்டத்தில், இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டோம். வீரர்கள் அறைக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே உங்கள் குரல். கேப்டன் போனை ஸ்பீக்கரில் போட்டு பெஞ்சில் வைத்திருந்தான். நான் பேசினால் ஷூ லேஸைப் பார்க்கிற அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டேன். என்னைக் குறை சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். சொல்லமாட்டீர்களா என்று ஆசைகூடப் பட்டேன். நீங்களோ, அவன் சொல்றதைக் கேளுங்கடா, என்னைவிட அவனுக்குத்தான் ஆட்டம் தெரியும், அந்தக் காலத்துல எனக்குத் திட்டம் போட்டுக் கொடுத்ததே அவன்தான் என்றீர்கள்.

உள்ளே போய், காலையிலிருந்து தொண்டை கிழியச் சொன்னதையே திரும்பச் சொன்னேன். நடுவில் முட்டி மோதாதீர்கள், இரண்டு ஓரமாகவும் பந்தைக் கொண்டுபோங்கள் என்பதுதான். இந்த முறை அப்படியே ஆடினார்கள். இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் வந்து என் கையைக் குலுக்கினார்கள். என் திட்டமேகூட உங்கள் சிபாரிசு இருந்தால்தான் அவர்கள் காலுக்கு இறங்குகிறது. நீங்கள் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

கூப்பிடலாம் என்று நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பையன்கள் கீழே இறங்கக் கூடாது, அவ்வளவுதான். முறையான அழைப்பு வரும். மறுக்காதீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையே நான் அறையைக் காலி செய்து சாவியைச் செயலாளரிடம் கொடுத்திருப்பேன். வந்ததும் எனக்குப் போன் பண்ணாதீர்கள். கூடவே இருடா என்று மட்டும் சொல்லாதீர்கள் அண்ணா.

நீங்கள் சொன்னால் இருந்துவிடுவேன்.

என்றும் உங்கள்,
தம்பி