நாலு பானைக் காடி

தை 18, வெள்ளி
மூடுபனி. மலை தெரியவில்லை. கரும்பாலையில் வீணாகக் கொட்டும் பாகு அழுக்கு வந்து சேர்ந்தது. தண்ணீர் கலந்து நாலு பானை.

ரப்பர் எஸ்டேட் ரைட்டர் சொன்ன முறை: முதலில் சாராயமாகும். பானையில் இரைச்சல் முழுதும் அடங்கிய பிறகே பழைய காடி (வினிகர் என்றார்) ஊற்ற வேண்டும். அப்புறம் எல்லாமே காடி. யுத்தத்தால் சீமை ஆசிட் வருவதில்லை. ரப்பர் பாலை உறைய வைக்க இப்போது காடிதான்.

எடுபட்டால், என் வீட்டுக்காரரின் அண்ணன் கொடுத்த இந்த ஒற்றை அறையை விட்டுக் கூடலூரில் தனி வீடு. பயமும் உண்டு. இவர் குடியை விட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

தை 20, ஞாயிறு
பானையில் காது வைத்தேன். தூறல் மாதிரி இரைச்சல். அறை முழுக்கச் சாராய வாசம். விளக்குக்கு எண்ணெய் வாங்க வேண்டும்.

வாய்க்காலில் முதுகுக்குப் பின்னால் பேச்சு: "சாராயத்த வீட்டுல வச்சுக்கிட்டு அவுக குடிக்காம இருப்பாகளாம்." திரும்பிப் பார்க்கவில்லை.

இவர் சரியாகச் சாப்பிடவில்லை. தூக்கமும் இல்லை.

தை 22, செவ்வாய்
இவர் அண்ணன் வீட்டில் நெல் அவித்துத் திரும்பினால் பானைகளில் சத்தமே இல்லை. அடங்கிவிட்டது, காடி ஊற்றிவிட்டேன் என்றார் இவர். இந்தக் குளிரில் இவ்வளவு சீக்கிரமா? பேச்சுக் கொடுத்து வாயை முகர்ந்து பார்த்தேன். வெட்கங்கெட்ட வேலைதான். வாசம் இல்லை.

மாசி 17, வெள்ளி
ரைட்டர் வந்தார். போத்தலில் கொண்டுவந்த ரப்பர் பாலில் நம் காடியை ஊற்றிக் கலக்கினார். காத்திருந்தோம். பால் பாலாகவே இருந்தது. காடிக்குச் சக்தி 'போரா', போதாது என்று மலையாளத்தில் சொன்னார். சாராயம் பாதியில் இருக்கும்போதே காடி ஊற்றியிருக்கிறீர்கள் என்றும் சொன்னார். வேறு ஆள் பார்த்துக்கொள்வாராம்.

அவர் போனதும் கேட்டேன். இவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ அண்ணன் வீட்டுக்குப் போன அன்னைக்கு மூடியத் தொறந்துட்டேன். கொட்டாங்குச்சியும் கையில இருந்துச்சு. மொண்டு குடிச்சிருவேன்னு பயந்து, காடிய நாலுலயும் ஊத்திப்புட்டேன்."

கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. அழுகையும் வந்தது.

மாசி 18, சனி
நல்ல வெயில். காடியைக் குப்பைக் குழியில் கொட்டினோம். ஆலையில் இன்னும் அழுக்குக் கிடக்கிறதாம். ரைட்டரிடம் கெஞ்சிக் கேட்கலாம், இந்தத் தடவை கெடுக்கமாட்டேன் என்றார் இவர். கூடலூர் வீடு கிடக்கட்டும் என்றேன். பானைகளை உடைத்துவிடச் சொன்னேன்.

நாலையும் இவரே உடைத்தார்.