நாலு மணி நேரம் ஓடியது

ஜனவரி 9

அன்புத் தங்கச்சி வாலுவுக்கு,

போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாதே, அதனால் எழுதுகிறேன். டாக்டராகி ஒரு ஆஸ்பத்திரிக்கே பொறுப்பேற்ற பிறகும் உன் வாய் குறையவில்லை.

நல்ல செய்தி. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய பேட்டரிகள் வாங்கும் டெண்டரை ஒருவழியாக முடித்துவிட்டேன். கொள்முதல் பிரிவில் இத்தனை வருடம் நாற்காலியும் மேசையும் வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு இதுதான் முதல் பெரிய வேலை. பட்டியலில் உன் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. கரண்ட் போனால் நாலு மணி நேரம் தாங்கும். பழைய ஜெனரேட்டர் புகையில் இனி நீ இரும வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

மார்ச் 20

அன்புள்ள அண்ணா,

பேட்டரி வந்து இறங்கிவிட்டது. ஒரு அறை நிறைய பீரோ பீரோவாக நிற்கிறது. "உங்க அண்ணன் வீட்டையே காலி பண்ணி அனுப்பிட்டாரா?" என்று நர்ஸ் அக்கா சிரிக்கிறார். ஜெனரேட்டரை அதே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆனால் மனசு சரியில்லை. மெயினை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரி முழுவதையும் பேட்டரியிலேயே நாலு மணி நேரம் ஓட்டிப் பார்த்ததாக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். கம்பெனி ஆள் ஓட்டியது நான் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்தான். "பச்சை லைட் எரியுது பாருங்க டாக்டர், அது போதும்" என்கிறார். நான் போடவில்லை. என்னைத் திட்ட மாட்டாயே?

உன் வாலு

மார்ச் 26

என் செல்லத் தங்கச்சிக்கு,

உன்னைத் திட்டுவேனா? ஆனால் என் நிலைமையையும் பார். மாதம் முடிவதற்குள் எல்லா ஆஸ்பத்திரியிலிருந்தும் கையெழுத்து வராவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும். மற்ற டாக்டர்கள் எல்லாரும் நான் ஒரு வார்த்தை சொன்னதும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சொந்தத் தங்கச்சி மட்டும் முரண்டு பிடித்தால் எனக்கு எவ்வளவு கேவலம்! பதவி உயர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இப்போதைக்குப் போட்டுவிடு. அடுத்த மாதம் நானே வந்து நின்று ஓட்டிப் பார்க்கிறேன். ஏதாவது ஒன்று என்றால் நான் இல்லையா?

உன் அண்ணன்

மே 14

அண்ணா,

கையெழுத்துப் போட்டேன். நீ வரவில்லை.

நேற்று மதியம் காற்றிலும் மழையிலும் கரண்ட் போனது. பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு எல்லாம் நின்றுவிட்டது. மூச்சு மெஷினில் கடைத்தெருத் தையல்காரர் இருந்தார். நானும் நர்ஸ் அக்காவும் மாற்றி மாற்றிப் பையை அமுக்கிக் காற்று கொடுத்தோம். கை மரத்துப்போனது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது போய்விட்டார்.

இன்று அந்த பீரோக்களைத் திறந்து பார்த்தோம். பாதி காலி. வெளியே பூட்டு, உள்ளே ஒன்றுமில்லை.

விசாரணை வருகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தது நான். "நான்தான்பா உடைச்சேன்" என்று அடி வாங்கியது நீ. இப்போது பொய்கூட வேண்டாம். "போடச் சொன்னது நான்தான்" என்று நீ உண்மையைச் சொன்னால் போதும். சொல்வாய்தானே?

உன் வாலு

மே 29

என் உயிருக்குயிரான தங்கச்சிக்கு,

எனக்குத் தூக்கமே இல்லை. நீ தைரியமாக இரு. அவர் எப்படியும் முடியாதவர்தானே, மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. கேட்டால், "மெஷின் விஷயம் எனக்குத் தெரியாது, பேப்பர் வந்துச்சு, போட்டேன்" என்று சொல்லிவிடு. டாக்டரை அவ்வளவு சுலபமாக வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். நான் போனால் போனதுதான். உன் அண்ணியால் இதையெல்லாம் தாங்க முடியாது. மார்ச்சில் நான் எழுதிய கடிதம் இருந்தால் கிழித்துப் போட்டுவிடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

என்றும் உன் அண்ணன்

ஜூன் 11

ஐயா,

கிழித்துவிட்டேன். விசாரணையில் உங்களைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. கையெழுத்து என்னுடையது, ஓட்டிப் பார்க்காமல் போட்டது என் தப்பு என்று மட்டும் சொன்னேன். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

தையல்காரரின் மனைவி வந்திருந்தார். "கடைசி வரைக்கும் விடாம காத்து குடுத்தீங்களே டாக்டரம்மா, நீங்க நல்லா இருக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்தக் கையால்தான் கையெழுத்தும் போட்டேன் என்று சொன்னேன். பிடித்திருந்த கையை விட்டுவிட்டார்.

அன்று எனக்காக நீங்கள் அடி வாங்கினீர்கள். இன்று உங்களுக்காக நான் வாங்கிவிட்டேன். சரியாகப் போய்விட்டது. இனி எழுத வேண்டாம்.

ஆனால் மற்ற ஆஸ்பத்திரிகளிலும் அதே பீரோக்கள் பச்சை லைட்டோடு நிற்கின்றன. பக்கத்து அறைகளில் நோயாளிகள் படுத்திருக்கிறார்கள். அந்த டாக்டர்கள் ஒவ்வொருவருக்கும் எழுதிவிட்டேன்: உடனே திறந்து பாருங்கள், அதை நம்பி இருக்காதீர்கள். யார் சொல்லிக் கையெழுத்துப் போட்டோம் என்று அவர்களே விசாரணையில் சொல்லிக்கொள்ளட்டும். அவர்கள் யாரும் உங்கள் தங்கச்சி இல்லை.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட்டவள்