ஒன்றரை மணி நாடகம்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுத பிறகு

அன்புள்ள வீராயிக்கு,

உன் பாயம்மா ஹாஜிரா எழுதிக்கொள்வது. இங்கே நானும் மருமகள் அரீபாவும் சுகம். துபாயிலிருந்து மகன் ஹாதி வாரம் தவறாமல் பேசுகிறான். அங்கே காரைக்காலில் நீயும் உன் மகள் தேவிப்பிரியாவும் புதிதாக வந்திருக்கும் குட்டிப் பெண்ணும் சுகமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். குழந்தை பிறந்த சேதியை உன்னோடு மீன் விற்கிற வேம்புதான் சொன்னாள். தலை நிறைய முடியோடு உன்னையே உரித்து வைத்திருக்கிறதாமே. இரண்டாவதும் பெண்ணா என்று உன் மாப்பிள்ளை புருஷோத்தமன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், பெண் பிள்ளை வந்த வீட்டுக்குப் பரக்கத்தும் செழிப்பும் கூடவே வரும் என்று பாயம்மா சொன்னதாக அவரிடம் சொல்.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான்கு முறை போன் போட்டேன். நான்கு முறையும் மாப்பிள்ளைதான் எடுத்தார். "அத்தை படுத்துருக்காங்க", "அத்தை பிள்ளைக்குத் தண்ணி ஊத்துறாங்க" என்றார். நான் சொல்ல வேண்டியதோ வீடே கேட்க ஸ்பீக்கரில் சொல்லக்கூடியது இல்லை. வேம்பு கருவாடு எடுக்கக் காரைக்கால் வருகிறாள், உன் கையில்தான் தருவேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள் நீ, அதனால் எழுத்தைப் பெரிது பெரிதாகப் போட்டிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து படி. நிறுத்தி நிறுத்திப் படித்தாலும் பரவாயில்லை, நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமையோடு என் இத்தா முடிந்தது. என் வீட்டுக்காரர் கண்மூடி மௌத்தாகி நாலு மாதம் பத்து நாள், வாசற்படி தாண்டாமல், நகை பூட்டாமல், நல்ல சேலை கட்டாமல் இருந்தாயிற்று. இதைச் சிறை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் மாதம் எனக்கு அப்படித் தோன்றவில்லை, வீராயி. யாரும் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை, சிரிக்கச் சொல்லவில்லை. அழுவதற்கு அல்லாஹ் கொடுத்த லீவு என்றுதான் எடுத்துக்கொண்டேன். உனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. உன் புருஷன் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பதினேழாம் நாள் நீ மீன் கூடையோடு என் பின்வாசலில் நின்றாய். நான் அன்று உன்னிடம் சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, இது நேற்றைய மீன் என்று சண்டை பிடித்தேன். அந்தச் சண்டை இப்போது நினைவுக்கு வந்து உறுத்துகிறது.

இரண்டாவது மாதத்திலிருந்துதான் கஷ்டம். நாத்தனார் இஃப்ஃபத் டிவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, என் வீட்டுக்காரரின் பழைய கைலியைப் போட்டு மூடிவிட்டுப் போயிருந்தார். டிவி பார்க்கக் கூடாது என்று எந்தக் கிதாபில் எழுதியிருக்கிறது என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. ஒன்றரை மணி நாடகம் என் உயிர் என்பது உனக்குத் தெரியும். அது என் உயிர் மட்டும் இல்லை. கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட வருகிற மனுஷன், நாடகத்தில் அவருக்கு அக்கறையே இல்லாத மாதிரி பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். அந்த அரை மணி நேரமும் ஒரு பக்கம்கூடப் புரளாது. கை கழுவப் போகும்போது, "அந்தக் கார்குழலிப் பொண்ணு மாமியாரை நம்பிட்டாளா?" என்று கேட்பார். இருபது வருஷம் எத்தனையோ நாடகம் மாறியது, பேப்பர் மட்டும் மாறவில்லை. அந்த ஒன்றரை மணிதான் இத்தாவில் என்னைக் கொன்றது.

ஒருநாள் உன்னிடம் இதைச் சொல்லி அழுதேன். நீ உடனே, "இதுக்கா அழுவற? நான் பார்த்துட்டு வந்து சொல்றேன் பாயம்மா" என்றாய். மறுநாளிலிருந்து வியாபாரம் முடிந்ததும் வந்தாய். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, அரீபா கொடுக்கிற டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு கார்குழலியின் கதையைச் சொன்னாய். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து கேட்டேன். அஸருக்குத் தொழ நிற்கும் முன்னால், மனசுக்குள் அவருக்கும் ஒரு தடவை சொல்லுவேன். தொழுகைக்கு முன் நாடகக் கதையா என்று அல்லாஹ் என்னைக் கோபிக்க மாட்டான், அவனுக்கு என்னைத் தெரியும்.

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. போகப் போகத்தான் அந்த நாடகம் மாறிக்கொண்டே வந்தது. தூங்கும்போதும் பட்டுச்சேலை கட்டுகிற கார்குழலி, செருப்பில்லாமல் நடக்க ஆரம்பித்தாள். பங்களா ஒழுக ஆரம்பித்தது. கார் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவள் பழைய சோற்றுக்குக் கருவாடு சுட்டுச் சாப்பிட்டாள். நாடகக் கம்பெனி நொடித்துவிட்டதோ என்று அரீபாவிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன். பிள்ளை பெற்ற பதினாறாம் நாள் கார்குழலி தலையில் சுமை தூக்கினாள் என்றாய். புருஷன் செத்தபோது மூன்று கிழவிகள் கையைப் பிடித்து வளையலை உடைத்தார்கள், அது மகள் தேர்த் திருவிழாவில் ஆசையாக வாங்கிக்கொடுத்த பச்சை வளையல், அவள் புருஷனுக்காக அழுததைவிட அந்த வளையலுக்காகத்தான் அழுதாள் என்றாய். அன்று நான் உன்னோடு சேர்ந்து அழுதேன். என்னமாய் எழுதுகிறார்கள் இப்போதெல்லாம் என்று மெச்சிக்கொண்டேன்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகு கடலுக்குப் போகவில்லை, உனக்கு வியாபாரமும் இல்லை. அப்படியும் கூடை இல்லாமல் வெறுங்கையோடு வந்தாய். ஏன் இந்த வெயிலில் வருகிறாய் என்று கேட்டேன். "காலு பழகிடுச்சி பாயம்மா, அதுவா வருது" என்றாய்.

இனி சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இத்தா முடிந்த மறுநாள். ஒரு மணிக்கே சாப்பிட்டுவிட்டு, டிவியைத் திருப்பி வைத்து, கைலியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றரைக்கு வேறு பாட்டு, வேறு முகங்கள். சேனல் மாறிவிட்டதா என்று அரீபாவைக் கூப்பிட்டேன். "அது முடிஞ்சி மூணு மாசத்துக்கு மேல ஆச்சே மாமி. நீங்க இத்தா இருந்த மூணாவது வாரமே முடிச்சிட்டாங்க, போன்ல பார்த்தேன். வீராயி அக்கா சொல்றது வேற நாடகம்னு இல்ல நெனச்சேன்" என்றாள். மாமியாரும் மருமகளும் ஒன்று சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்களாம், சுபமாம்.

இரண்டு மாதத்துக்கு மேலாக நீ சொன்னது யாருடைய கதை என்று அப்போது உறைத்தது.  ஒவ்வொரு நாளாக எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கொண்டே கடைசி நாளில் வந்து நின்றேன்.

கடைசி நாள் நீ என்ன சொன்னாய் என்று உனக்கும் மறந்திருக்காது. கார்குழலி குளிக்கும்போது இடது மாரில் ஒரு கட்டி தட்டுப்பட்டது, புளியங்கொட்டை அளவு, வலி இல்லை, இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை என்றாய். மகளுக்குப் பிரசவ நேரம், இவள் படுத்தால் பார்க்க ஆளில்லை, மாரைத் திறந்து எவனிடமோ காட்ட வெட்கம் என்றாய். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவ இன்னா செய்யணும்னு நீ நெனைக்கிற பாயம்மா?" என்று கேட்டாய்.

அதற்கு நான் சொன்ன பதிலை என் கையாலேயே எழுதுகிறேன், எனக்குத் தண்டனையாக இருக்கட்டும். கதையை இழுக்க வழி இல்லாவிட்டால் நோவைக் கொடுத்துவிடுவார்கள், இவளும் அழுதது போதும், செத்துத் தொலையட்டும், வேறு நாடகம் போடட்டும் என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். நீ "அதுவும் சரிதான்" என்று எழுந்து போனாய். மறுநாள் வரவில்லை. காரைக்கால் போய்விட்டாள் என்றார்கள்.

நாடகத்துப் பெண்களுக்காக மூக்கைச் சிந்துகிற நாம், அடுத்த வீட்டுக்காரி அழுதால் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறோம். இருபத்தாறு வருஷம் என் பின்வாசலுக்கு வந்தவளிடம் மீன் என்ன விலை என்று கேட்டேனே தவிர, உனக்கு என்ன செய்கிறது என்று ஒருநாள் கேட்கவில்லை. நீயும் உன் பெயரில் சொல்லியிருக்கலாம். என் துக்கத்தில் உன் பாரத்தையும் ஏற்றக் கூடாது என்று நினைத்தாய். உன்மேல் எனக்குக் கோபம்தான். என்மேல் அதைவிடக் கோபம்.

வேம்பிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். கொஞ்ச நாளாக வீராயி இடது கையால் கூடையைத் தூக்குவதில்லை என்றாள். நானும் அதைப் பார்த்திருக்கிறேன், கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை. பயப்படாதே, அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை.

அரீபாவிடம் மட்டும் சொன்னேன், கோபிக்காதே. கட்டி எல்லாம் அந்தக் கெட்ட கட்டியாக இருக்காது, அப்படியே இருந்தாலும் சீக்கிரம் பார்த்தால் மருந்து இருக்கிறது, காட்டாமல் இருப்பதுதான் தப்பு என்றாள். அவளோடு படித்த பெண் ஜிப்மர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். பெண் டாக்டரே பார்ப்பார் என்று விசாரித்துச் சொல்லிவிட்டாள். காலை ஆறு மணிக்கே சீட்டு வாங்க வரிசையில் நிற்க வேண்டுமாம். நின்றால் போகிறது. மீனுக்காக மூன்று மணிக்குத் துறைமுகத்தில் நிற்கிறவளுக்கு இது ஒரு வரிசையா?

வெட்கம் என்றாயே, அதற்கும் ஒன்று சொல்கிறேன். இத்தாவில் எனக்குக் கடைவாய்ப் பல் வீங்கியபோது, எப்படி வெளியே போவது என்று நான்கு நாள் உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு கிடந்தேன். பள்ளிவாசல் ஹஜரத்திடம் கேட்டனுப்பினோம். வைத்தியத்துக்குத் தாராளமாகப் போகலாம், உடம்பு அல்லாஹ் நம்மிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த பொருள், அதைக் கெட விடுவதுதான் பாவம் என்று சொல்லி அனுப்பினார். அதற்குள் வீக்கம் வற்றி, போக வேண்டிய வேலை இல்லாமல் போனாலும், அத்தனை கட்டுப்பாட்டிலும் எனக்கு அந்தக் கதவு திறந்திருந்தது. ஆடி மாதம் தேர் இழுக்கிறாயே, உன் செங்கழுநீர் அம்மன் மட்டும் வேண்டாம் என்றா சொல்லும்? அதுவும் பொம்பளைதானே.

தேவிப்பிரியாவைப் பற்றிக் கவலைப்படாதே. குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. இனி அவள் மாமியார் பார்த்துக்கொள்ளட்டும், அவருக்கும் கை இருக்கிறது. ஊருக்கு ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பு. மகளிடம் எப்போது எதைச் சொல்வது என்பது உன் இஷ்டம், நான் வாய் திறக்க மாட்டேன்.

இன்னொரு சங்கதி. இத்தா முடிந்த பின்னும் நான் இன்னும் வாசற்படி தாண்டவில்லை. முதல் அடி தன் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று இஃப்ஃபத் முதலியார்பேட்டையில் பிரியாணிக்கு ஏற்பாடு செய்துவிட்டுக் காத்திருக்கிறார். கடற்கரைக்குப் போகலாம் மாமி என்று அரீபா நச்சரிக்கிறாள். இரண்டு பேரிடமும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நீ எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் சொன்னாய். இப்போது ஒரு நாள் கதையை நான் சொல்கிறேன், கேள். வியாழக்கிழமைப் பகுதி. கார்குழலி காலையில் பேத்திக்கு முத்தம் கொடுத்துவிட்டுக் காரைக்காலில் பஸ் ஏறுகிறாள். ஜன்னலோரம் உட்காருகிறாள். மத்தியானம் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், அங்கே கத்தரிப்பூ நிறச் சேலையில் ஒரு குண்டுப் பொம்பளை நிற்கிறாள். நாலு மாதத்துக்குப் பிறகு முதல் அடி எடுத்து வைத்து வந்தவள், வெயிலில் கண் கூசி, ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து நெல்லித்தோப்பு வருகிறார்கள். இந்தத் தடவை கார்குழலி பின்வாசலில் உட்காரவில்லை. முன்வாசல் வழியாக வந்து, கூடத்தில் அந்தப் பேப்பர் படிக்கிறவரின் நாற்காலியில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறாள். வெள்ளிக்கிழமை விடியும்போது இரண்டு பேரும் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே கூப்பிடும்போது குண்டுப் பொம்பளை கையை விடவில்லை. மருந்தில் கார்குழலிக்கு முடி கொட்டினால் கொட்டட்டும், இவள் அலமாரியில் துப்பட்டா நிறைய இருக்கிறது, பச்சையிலும் ஒன்று இருக்கிறது.

அதற்கு மேல் கதை எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை ஒன்றரை மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். நீ வராவிட்டால் வெள்ளிக்கிழமையும் வருவேன், சனிக்கிழமையும் வருவேன். என் கால் உன் காலை மாதிரியே பழகிக்கொள்ளும்.

என் அல்லாஹ்வும் உன் அம்மனும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அன்று நான் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், வீராயி. அவள் சாகக் கூடாது. எனக்கு வேறு நாடகம் வேண்டாம்.

உன்,
பாயம்மா ஹாஜிரா