ஏரிக்கரையில் இவர் பேசிய முதல் வார்த்தை

1969 ஜன. 6, திங்கள்

பனி. ஆவடி குவார்ட்டர்ஸ் முழுக்க இருமல். ஐந்தரைக்கே இவர் கட்டிலைத் தட்டி எழுப்பிவிட்டார், ஏரிக்குப் போக. பக்கவாதம் வந்து இரண்டு மாதம். வலக் கை விழுந்தது விழுந்ததுதான். பேச்சு இல்லை. நடை மட்டும் கொஞ்சம், என் தோளைப் பிடித்துக்கொண்டு.

ஏழு வருஷமாகப் பறவைப் பைத்தியம். ஞாயிறு தவறாமல் தனியாகப் போவார். இப்போது பைனாகுலரும் நானே, நோட்டில் எழுதுவதும் நானே. நாமக்கோழி நாற்பதுக்கு மேல். ஊசிவால் வாத்து 6. முக்குளிப்பான் 3. முக்குளிப்பானை வாத்துக் குஞ்சு என்று எழுதிவிட்டேன். பென்சிலைப் பிடுங்கி இடக் கையால் அந்த வரியை அடித்தார்.

முதுகுவலி. தைலம் காலி.

ஜன. 8, புதன்

ஃபாக்டரி ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தது. திங்களன்று வரச் சொல்லி. பேச்சு திரும்பவில்லை என்றால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்களாம். அப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கே போக? இவருக்குப் படித்துக் காட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

துணி ஊற வைத்தது அப்படியே.

ஜன. 11, சனி

கரை வழுக்கல். இரண்டு பேரும் விழப் பார்த்தோம். ஆத்திரத்தில் கத்திவிட்டேன், இந்தப் பறவையா நமக்குச் சோறு போடும் என்று. மதகில் அவரை உட்கார வைத்துவிட்டு, இருபது அடி தள்ளிப் போய் அழுதேன்.

பின்னால் ஒரு குரல். கரகரவென்று.

"ஆலா."

திரும்பினேன். இடக் கை தண்ணீருக்கு மேலே நீண்டிருந்தது. வெள்ளையாக ஒன்று சாய்ந்து சாய்ந்து பறந்தது. நோட்டில் இருக்கும் பறவைப் பெயர்தான், ஆலா.

புல் அறுக்கும் முனியம்மா ஓடி வந்தாள். "யக்கா, சார் உன் பேர சொல்லிக் கூப்டுகினு கீறாரு. கமலான்னாரு, நா கேட்டேன்."

ஆமாம் என்றேன். இருபத்திரண்டு வருஷக் குடித்தனம். முதல் வார்த்தை பறவைக்கு. ராத்திரி சமைக்கவில்லை.

ஜன. 13, திங்கள்

போகிப் புகை. கண் எரிச்சல். டாக்டர் என்னைக் காட்டி, இது யார் என்று இவரைக் கேட்டார். வாயைத் திறந்து திறந்து மூடினார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. பிறகு, "ஆலா."

டாக்டர் சீட்டில் என் பெயரைப் பார்த்தார். மனைவி பெயரைச் சொல்கிறார், முன்னேற்றம் உண்டு என்று எழுதினார். லீவு இன்னும் மூன்று மாதம். வீடும் அதுவரை. நான் திருத்தவில்லை. என்னைத்தான் சொன்னாரோ, வந்த ஒரே வார்த்தையைச் சொன்னாரோ.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் தோளிலேயே தூங்கிப்போனேன். விழித்தால் பூந்தமல்லி. நம் ஸ்டாப் தாண்டி எவ்வளவோ தூரம். கண்டக்டரைச் சத்தம் போட்டேன்.

"எழுப்பலாம்னுதாம்மா வந்தேன். சார்தான் வேணாம்னு கைய காட்னாரு."