ஒடிந்த காலை நடிப்பு என்று பதிவுசெய்தது குறித்து

அனுப்புநர்:
பெர்மெத் ஒமுர்பெகோவா,
புவியியல் விரிவுரையாளர், பெண்கள் விடுதிப் பொறுப்பாசிரியர்,
கோக்-பெல் பல்கலைக்கழகம்,
கோக்-பெல், கிர்கிஸ்தான்.

பெறுநர்:
கர்னல் எசென்கூல் சார்பாகிஷெவ் அவர்கள்,
தலைவர், வட்டார நெருக்கடிநிலை மற்றும் பேரிடர் மீட்புத் துறை,
கோக்-பெல்.

பொருள்: அக்டோபர் 17 நிலநடுக்கத்தின்போது மாணவி பெகாயிமுக்குக் கால் ஒடிந்ததை விபத்தாகப் பதிவுசெய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய கர்னல் அவர்களுக்கு,

1. அன்றைய விருந்தில் தங்களுக்கு ஆட்டுத்தலை வைத்து மரியாதை செய்தது எங்கள் பல்கலைக்கழகச் செய்தி மடலில் படத்துடன் வந்திருக்கிறது. அதே வேளையில் விடுதியில் நடந்தவை மடலில் வரவில்லை. இடம் போதாமல் போயிருக்கலாம். அவற்றை இங்கே எழுதுகிறேன்.

2. தங்கள் முன்னிலையில் நிலநடுக்க ஒத்திகை நடக்கவிருந்த நாள் அது. விருந்து முடிந்ததும் பதிவாளர் திரு. கெனெஷ்பெக் தகவல் தருவார், பிறகு மணி அடிக்கும் என்று ஏற்பாடு. எந்த மாணவி எந்தப் படியில் இறங்குவது, யார் பயந்த முகத்துடன் இருப்பது என்பதுவரை பழக்கியிருந்தோம். நிலநடுக்கத்துக்கு மட்டும் யாரும் நேரம் சொல்லி வைக்கவில்லை. விருந்து முடிவதற்குள் அது வந்துவிட்டது.

3. பெரிய நடுக்கம் என்று சொல்ல மாட்டேன். முன்படிக்கட்டில் காரை பெயர்ந்து விழுந்ததால் மாணவிகள் பின்படிக்கட்டு வழியாக ஓடினார்கள். பின்கதவில் பூட்டு தொங்கியது. ஆண்டு முழுவதும் தொங்குவதுதான். சாவி விடுதிக் காப்பாளர் குல்பாராவிடம் இருந்தது. அவர் தங்கள் விருந்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து வைக்கும்படி செப்டம்பரிலேயே கேட்டிருந்தேன். “திறந்து வெச்சா நிலநடுக்கத்துக்கு முன்னாடி பசங்கதான் வருவாங்க, அக்கா. அது எப்பவோ ஒரு தடவ. இவனுங்க தினமும்” என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான்.

4. பின்னாலிருந்து கூட்டம் நெருக்கவே, இரண்டாம் ஆண்டு மாணவி பெகாயிம் முதல் மாடி ஜன்னல் வழியாகக் குதித்தார். கீழே கல் தரை. கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது.

5. வளாகத்திலிருந்து யாரும் அவசர உதவிக்கு நேரடியாகத் தொலைபேசக் கூடாது என்பது எங்கள் விதி. கருகிய சோற்றுக்கு ஒரு மாணவி தீயணைப்பு வண்டியை வரவழைத்ததால் போன ஆண்டு வந்த விதி அது. பதிவாளரிடம் சொல்ல வேண்டும், அவர்தான் கூப்பிடுவார். அவ்வாறே அவரை அழைத்தேன். மெல்லிய குரலில் பேசினார்: “பெரியவர் இன்னும் ஆசி சொல்லல, தங்கச்சி. அதுக்கு முன்னாடி எப்படி எழுந்திரிக்கிறது? இங்கயும்தான் தட்டெல்லாம் ஆடிச்சு, நாங்க உக்காந்துதானே இருக்கோம். அந்தப் பொண்ண அசையாம படுத்திருக்கச் சொல்லு.”

வழக்கத்தை நான் குறை கூறவில்லை. மூத்தவர் கையேந்தி ஆசி சொல்லும் முன் என் வீட்டிலும் யாரும் எழ மாட்டோம். அன்று அந்த மேசையில் மூத்தவர் தாங்கள். தங்களை மதித்து அவர்கள் எழவில்லை. விருந்து வைத்தவர்களை மதித்துத் தாங்களும் எழவில்லை. கூரை இரு தரப்பையும் மதித்து அப்படியே நின்றது.

6. பின்னர் தாங்கள் மைதானத்துக்கு வந்தீர்கள். ஒத்திகை சற்று முந்திவிட்டதாகப் பதிவாளர் வருத்தம் தெரிவித்தார். நடுக்கம் மட்டும் உண்மை, மற்றவை ஒத்திகை என்று தாங்கள் எண்ணியிருக்கக் கூடும். பெகாயிம் என் மேலங்கியின் மேல் படுத்து அழுதுகொண்டிருந்தார். தாங்கள் குனிந்து, “நடிப்புன்னே தெரியலையே, மகளே” என்றீர்கள்.

“நடிக்கலய்யா. கால் ஒடிஞ்சிருக்கு.”

“அப்படித்தான் சொல்லணும்” என்று தோளில் தட்டிக்கொடுத்தீர்கள். தங்கள் வண்டி புறப்பட்ட பின், உணவகத்துக்கு ரொட்டி கொண்டுவரும் வண்டியில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

7. காயமடைந்தவர் வேடத்தில் சிறந்த நடிப்புக்கான பாராட்டுச் சான்றிதழ் அவருக்கு மருத்துவமனைப் படுக்கையிலேயே வழங்கப்பட்டது. கையெழுத்து தங்களுடையது. அதன் விளைவையும் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். நடிப்பு என்பதால் விபத்து இல்லை. விபத்து இல்லாததால் மருத்துவ விடுப்பு இல்லை. விடுப்பு இல்லாமல் தேர்வுக்கு வராததால் அவர் தோல்வி. தோற்றவருக்கு அரசுச் செலவில் படிக்கும் இடம் கிடையாது. இந்த மாத இறுதியில் பெயரை நீக்கிவிடுவார்கள். கட்டணம் செலுத்திப் படிக்கவைக்க அவர் வீட்டில் வழியில்லை.

பதிவாளரிடம் முறையிட்டேன். “விபத்துன்னு யாருமே புகார் சொல்லலையே, தங்கச்சி. சொல்லாத விபத்த நான் எப்படிப் பதியறது?” என்றார். அவசர உதவியை அழைக்காமல் விதியை மதித்த எனக்கு அவர் சொன்னது புரிந்தது.

8. ஆனால் விடுதி வாசலில் தங்கள் துறை ஒட்டியுள்ள அறிவிப்பில் வேறொரு விதியும் இருக்கிறது: காயமடைந்தவர் சம்பவ இடத்தில் துறை அலுவலர் எவரிடமேனும் வாய்மொழியாகச் சொன்னாலே அது புகார். பெகாயிம் இந்த வட்டாரத்தின் மிக உயர்ந்த அலுவலரிடமே சொல்லியிருக்கிறார். இதைவிட முறையான புகார் எங்கள் பல்கலைக்கழக வரலாற்றில் இருந்திருக்காது.

9. அதன் பிறகும் நிலம் அடங்கவில்லை. இதை எழுதுகையில்கூட மேலே விளக்கு ஒருமுறை ஆடியது; பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்து தொடர்கிறேன். மாணவிகள் காலணிகளைக் கழற்றாமல் தூங்குகிறார்கள். கனமான வண்டி ஒன்று தெருவில் போனால்கூடப் படியில் ஓசை கேட்கிறது. ஓடி வருபவர்கள் பின்கதவுவரை போய்த் திரும்புகிறார்கள். ஒத்திகைக்குப் பிந்தைய பராமரிப்பு என்ற பெயரில் பூட்டுக்கு எண்ணெய் போடப்பட்டுள்ளது.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இரண்டு. பின்கதவுப் பூட்டை அகற்ற ஆணையிடுங்கள். “கால் ஒடிந்ததாக மாணவி என்னிடம் சொன்னார், நான் கேட்டேன்” என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள். நம்பினேன் என்று எழுத வேண்டியதில்லை.

இந்த மனுவின் நகலைப் பெகாயிமே திங்கட்கிழமை நேரில் கொண்டுவருவார். தங்கள் அறை மூன்றாம் மாடியில் இருக்கிறது. மின்தூக்கி ஓடவில்லை என்று தங்கள் அலுவலக வாசலில் சொன்னார்கள். ஊன்றுகோலுடன் ஏறி வர நேரமாகும். அவர் வந்து சேரும்வரை அலுவலகக் கதவைப் பூட்டாமல் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கோக்-பெல்
நாள்: நவம்பர் 14

மாணவியின் பொருட்டு,
(ஒப்பம்) பெர்மெத் ஒமுர்பெகோவா